தெருவில் கிடைத்த துணை



மும்பையில் வாழும் தமிழர் ஒருவரைத் 'தங்களுக்கு எந்த ஊர்?' என்று வினவிப் பாருங்கள். தாராவியில் பிறந்து, தாராவியிலேயே படித்து, பேரன் பேத்தி கண்டவராயினும் 'திருநெல்வேலிப் பக்கம்' என்றுதான் விடை வரும். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்தார் பாலக்காட்டையோ தஞ்சையையோ சொல்வர். செம்பூரிலும் அப்படியே. ஊர் என்பது வேறெங்கோ இருக்கிறது, இங்கே நாம் இருப்பது பிழைப்பின் பொருட்டு என்ற நினைவு நம் உள்ளத்தின் ஓரத்தில் என்றும் தங்கியுள்ளது. இதில் குறை ஒன்றுமில்லை. ஆயினும், குடியிருக்கும் தெருவை நம்முடையது என்று கொள்ளாமலே ஒரு வாழ்நாள் கழிந்துபோவதும் உண்டு. அத்தெருவோடு நம்மைப் பிணைக்க வல்ல ஓர் உயிர் நம் வாசற்படியிலேயே படுத்துக் கிடக்கிறது. தெரு நாயைத்தான் சொல்கிறோம். ஆதரவற்ற அத்தகைய நாய் ஒன்றை வீட்டில் ஏற்று வளர்ப்பதால், வளர்ப்பவரின் வாழ்வில் நேரும் மாற்றத்தைப் பற்றி இன்று சிறிது பேச விழைகிறோம்.

இந்நகரில் தெரு நாய்க்காக மனிதர் பரிந்து எழுந்த வரலாறு பழமையானது. கும்பினி ஆட்சியில், வேனிற்காலத்தில் உரிமையாளரற்ற நாய்களைக் கொல்லுமாறு காவலர்க்கு ஆணை இருந்தது. கொன்ற நாய்க்கு இவ்வளவு என்று கூலியும் உண்டு. கூலி கண்ட காவலர், வீட்டு வாசலில் கிடந்த நாய்களையும் விட்டுவைக்கவில்லை. பார்சி சமயத்தாருக்கோ நாய் மதிப்புக்குரியது. இறந்தவர் உடல்மீது நாயின் பார்வை படச் செய்யும் 'சக்தீத்' என்னும் சடங்கு அவர்களுடையது. 1832ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கோட்டைப் பகுதியில் அவர்கள் திரண்டெழுந்தனர். கடைகள் அடைபட்டன. படைவீரர்க்குச் செல்ல வேண்டிய உணவுப் பொருள்களும் தடுத்து நிறுத்தப்பட்டன. படையை வரவழைத்தே அரசினர் கூட்டத்தை அடக்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் பெருவணிகர் கூட்டமொன்று கும்பினியாரை எதிர்த்துக் கடையடைத்த முற்பட்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று, நாயின் பொருட்டு நிகழ்ந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

அக்கிளர்ச்சியால் கொலை நின்றுவிடவில்லை. மும்பை மாநகராட்சி தெரு நாய்களைக் கொல்லும் வழக்கத்தை 1994ஆம் ஆண்டில்தான் கைவிட்டது. அத்தனை காலம் கொன்றும் நாய்கள் குறைந்தபாடில்லை. காரணம் எளியது. ஒரு தெருவில் கிடைக்கும் எச்சில் உணவு இத்தனை நாய்களைத் தாங்கும் என்றொரு கணக்கு உண்டு. இருந்தவை மாண்டால் அடுத்த தெருவிலிருந்து புதியவை வந்து அவ்விடத்தை நிரப்பும். அவை ஈனும் குட்டிகளும் பிழைத்துக்கொள்ளும். கொல்வதற்கு மாறாகக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் இட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்ற வழியை இந்நாட்டில் முதன்முதலாக வற்புறுத்தியவர்களுள் தமிழ்நாட்டார் முன்னிற்கின்றனர். விமானியான கேப்டன் வி. சுந்தரம் அவர்களும் அவர் குடும்பத்தாரும் 1959ஆம் ஆண்டில் சென்னையில் 'புளூ கிராஸ்' அமைப்பைத் தொடங்கினர். அவர்கள் ஓயாமல் எடுத்துச் சொன்ன இம்முறையைச் சென்னை மாநகராட்சி 1996ஆம் ஆண்டில் ஏற்றது. 2001ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் இதனையே நாடு முழுமைக்கும் உரியதாக்கின. இன்று மும்பைத் தெருவில் காது நுனியில் சிறு வெட்டுடன் ஒரு நாயைக் கண்டால், கருத்தடை முடிந்த நாய் அது என்று அறியலாம். அடையாளத்துக்காக இடும் வெட்டு அது. யாரோ அடித்த காயமென்று கலங்க வேண்டுவதில்லை.

இப்பொருளை இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 11 அன்று, தில்லிப் பகுதியின் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதினொரு நாளில், ஆகஸ்டு 22 அன்று, மூவர் அமர்வு அதனைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் உற்றவற்றையும், நோய் ஐயத்துக்கு உரியவற்றையும், மூர்க்கம் கொண்டவற்றையும் விடலாகாது என்றது. வழக்கின் எல்லையையும் நாடு முழுமைக்கும் விரித்தது. நவம்பர் 7 அன்று வந்த மற்றோர் ஆணை, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் முதலியவற்றின் வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களுக்கு அனுப்பப் பணித்தது. ஆகஸ்டு ஆணையில் நம் பொருளுக்கு உரிய வாசகம் ஒன்றும் உண்டு. விரும்புவோர் மாநகராட்சியில் விண்ணப்பித்துத் தெரு நாயை ஏற்று வளர்க்கலாம். ஏற்ற நாய் மீண்டும் தெருவுக்கு வாராமல் காப்பது ஏற்றவரின் பொறுப்பு. இரண்டாம் பகுதியே முதன்மையானது. ஆர்வத்தில் எடுத்து அலுப்பில் விடுவதற்கு இனி இடமில்லை.

மும்பையில் 2014ஆம் ஆண்டு எடுத்த கணக்கில் தெரு நாய்கள் ஏறத்தாழ 95 ஆயிரம். குட்டிகளாகப் பிறந்தவற்றுள் பிழைத்தவை மட்டுமே இக்கணக்கில் அடங்கும் என்பதை மறத்தலாகாது. கொல்கத்தாவை அடுத்துள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார், வங்காளத்தின் ஏழு இடங்களில் ஐந்தாண்டுக் காலம் 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வளர்ந்து இனம்பெருக்கும் பருவத்தை எட்டியவை நூற்றுக்குப் பத்தொன்பது. மாண்டவற்றுள் பெரும்பகுதி மனிதரால் மாண்டவை. அதே நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா அம்மையாரின் குழுவினர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நம் நெஞ்சைத் தொட்டது. முன்பின் அறியாதவர் ஒருவர் சில நாய்களுக்கு உணவு தந்தார். வேறு சிலவற்றைத் தலையில் தடவிக் கொடுத்தார். பல நாள் இவ்வாறு செய்தபின் நோக்கினால், தடவிக் கொடுத்தவரையே நாய்கள் மிகுதியாக நம்பி அணுகின. எச்சில் இலைக்காக அலையும் உயிர், சோற்றினும் கையின் பரிவைப் பெரிதாகக் கொண்டதாம்.

நம் நாட்டு நாய்க்கு ஆங்கில நூல்கள் நெடுங்காலம் வழங்கிய பெயர் ஒன்று உண்டு. அது தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது. பறை முழக்கிய மக்களின் பெயரை எடுத்து, 'விலக்கப்பட்டவன்' என்ற பொருளை அதன்மீது ஏற்றி, அதனையே தெரு நாய்க்கும் சூட்டினர். மனிதரையும் இழித்து நாயையும் இழித்த சொல் அது. தாராவித் தமிழருள் அச்சொல்லின் சுமையைப் பரம்பரையாகச் சுமந்தவர் பலர். ஆகவே அப்பெயரை நாம் வழங்கமாட்டோம். 'நாட்டு நாய்' என்பதே போதும். மும்பையில் இளைஞர்கள் 'இண்டி' என்று செல்லமாகச் சொல்கின்றனர், அதுவும் நன்று.

இனி வளர்ப்பவரின் பக்கம் வருவோம். மாட்டுங்காவில் நாம் பலரும் கண்டிருக்கக்கூடிய வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். பழைய மாடிக் கட்டடம், மூன்றாம் மாடி. மகன் நியூஜெர்சியில், மகள் பெங்களூரில். மனைவி காலமாகி ஈராண்டு. ஓய்வு பெற்ற பெரியவர் காலையில் காப்பியும் நாளிதழும் முடித்தபின், மாலையில் தொலைபேசி மணி ஒலிக்கும்வரை எவரோடும் பேசுவதற்கில்லை. கோயிலுக்குச் செல்வது வெள்ளிக்கிழமை மட்டும். மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார். இன்று மழை, நாளை முழங்கால் வலி என்று நடை தள்ளிப்போகிறது. இவ்வீட்டிற்கு ஒரு நாய் வருகிறது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அது கதவருகே நின்று திரும்பிப் பார்க்கிறது. அதனிடம் முழங்கால் வலியைச் சொல்லிப் பயனில்லை. இறங்கியே ஆக வேண்டும்.

இறங்கியவர் என்ன காண்கிறார்? இருபது ஆண்டாக வணக்கமும் சொல்லாமல் கடந்துபோன குஜராத்தி அன்பர், 'இதற்குத் தடுப்பூசி போட்டாயிற்றா?' என்று கேட்கிறார். பள்ளிக்குச் செல்லும் சிறுவன், 'காகா, இதன் பெயர் என்ன?' என்று மராத்தியில் வினவுகிறான். ஐந்து தோட்டப் பக்கம் நாயோடு உலவுவோர்க்கெல்லாம் தனி நட்பு ஒன்று இருப்பது தெரிகிறது. ஒருவர்க்கொருவர் பெயர் தெரியாது. 'மோத்தியின் அம்மா', 'ராஜாவின் அப்பா' என்றே அழைத்துக்கொள்வர். மூன்று திங்களில் அப்பெரியவர்க்குத் தம் தெருவில் எந்தக் கடைக்காரர் நல்லவர், எந்தக் காவலாளி பீகாரிலிருந்து வந்தவர், எந்த வீட்டில் முதியவர் நோயுற்றிருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. இருபது ஆண்டுக் குடியிருப்பு அளிக்காத உறவு இது.

உடலுக்கும் பயன் உண்டு என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் இங்கிலாந்தின் ஒரு வட்டாரத்தில் ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்டதன்படி, வாரத்தில் 150 நிமிட உடலுழைப்பு என்னும் அளவை எட்டும் வாய்ப்பு நாய் வளர்ப்போர்க்கு நான்கு மடங்கு மிகுதி. சுவீடன் நாட்டில் 34 லட்சம் பேரின் பதிவேடுகளைப் பன்னிரண்டு ஆண்டுக் காலத்துக்கு ஒப்புநோக்கி 2017ஆம் ஆண்டில் ஒரு முடிவு வெளியாயிற்று. தனியே வாழ்வோருள் நாய் வளர்ப்போர்க்கு, வளர்க்காதோரைவிட இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 33 பங்கு குறைவாகக் காணப்பட்டது. இதனை மருந்துச் சீட்டாகக் கொள்ளலாகாது. உடல் நலம் உடையோரே நாய் வளர்க்க முன்வருகின்றனர் என்றும் இருக்கலாம். ஆயினும் பயன் தனியராய் வாழ்வோரிடத்தே மிக்குத் தோன்றியது என்பது சிந்திக்கத்தக்கது. ஜப்பானியர் 2015ஆம் ஆண்டில் கண்டறிந்தது இன்னும் இனியது. நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் நோக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் பாசம் ஊட்டும் 'ஆக்சிடோசின்' என்னும் சுரப்பு இருவர் உடலிலும் மிகுகிறதாம்.

செல்வர்க்கும் இது பொருந்தும். மும்பைக் கோட்டைப் பகுதியில் டாடா நிறுவனங்களின் தலைமையகமான பாம்பே ஹவுஸ் 2018ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டபோது, தெரு நாய்களுக்கென்றே கீழ்த்தளத்தில் ஓர் அறை அமைந்தது. ரத்தன் டாடா அவர்கள் பேணிய நாய்களுள் ஒன்றின் பெயர் 'கோவா'. கோவாவில் தெருக்குட்டியாகக் கிடந்து, காரில் ஏறி மும்பை வந்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 9 அன்று அவர் மறைந்தபோது, அஞ்சலி செலுத்த வந்த பெருமக்களிடையே அந்நாயும் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டில் மகாலட்சுமிப் பகுதியில் சிறு விலங்குகளுக்கான மருத்துவமனை ஒன்றும் அவர் முயற்சியால் திறக்கப்பட்டது.

பாம்பே ஹவுஸில் நாய்க்கு ஓர் அறை. தாராவியிலோ ஒரு குடும்பத்துக்கே பத்துக்குப் பத்து அறைதான். அங்கே நாயை எங்ஙனம் வளர்ப்பது என்று கேட்பீர்கள். தாராவியின் சந்துகளில் வேறொரு முறை நெடுநாளாக உண்டு. நாய் ஒரு வீட்டுக்கு உரியது அன்று. அந்தச் சந்துக்கு உரியது. ஒரு வீட்டில் காலைச் சோறு. மீன் வாங்கிய வீட்டில் மாலையில் தலையும் முள்ளும் கலந்த சோறு. இரவில் தோல் பட்டறை வாசலில் படுக்கை. சந்தில் அயலார் நுழைந்தால் முதலில் குரல் கொடுப்பது அதுவே. 2023ஆம் ஆண்டின் விதிகள் இத்தகைய நாயைச் 'சமூக விலங்கு' என்று குறிக்கின்றன. சட்டம் பெயர் சூட்டுமுன்பே நம் மக்கள் நடைமுறையில் கண்ட உறவு இது. இவ்வுறவில் குறைவுபடுவது ஒன்றே. சோறிடுவோர் பலர், தடுப்பூசிக்கு அழைத்துச் செல்வோர் எவருமில்லை. சந்துக்கு ஒருவர் அப்பொறுப்பை ஏற்றாலே போதும்.

தாராவி இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. மறுசீரமைப்புப் பணி முன்செல்ல, குடும்பங்கள் சந்துகளை விட்டு அடுக்குமாடிகளுக்குப் பெயர வேண்டிவரும். தகுதியுள்ள குடும்பங்களின் பட்டியலில் நாய்க்கு இடமில்லை. எட்டாம் மாடிக்குச் செல்லும் குடும்பம், பத்தாண்டாகத் தன் வாசலில் கிடந்த நாயை என்ன செய்யும்? கட்டடம் இடிபட்ட இடத்தில் அதனை விட்டுச் செல்வது கொடுமை. ஒரு சந்தில் மூன்று நாய் இருந்தால், மூன்று வீட்டார் ஆளுக்கொன்றாய் ஏற்றுக்கொள்ள இப்போதே பேசி முடிவு செய்வது நன்று. அடுக்குமாடிச் சங்கத்தார் நாய் வளர்ப்பதையே தடைசெய்ய இயலாது என்று விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் உள்ளது. அதே வேளையில், மின்தூக்கியில் நாயைக் கண்டு அஞ்சும் அண்டை வீட்டுக் குழந்தையின் அச்சமும் உண்மையே. கயிறு இன்றி வெளியே விடுவதும், கழிவை எடுக்காமல் வருவதும் நாய்க்குப் பகைவரைத் தேடித் தரும் செயல்கள்.

ஏற்பதற்கு முன் எண்ண வேண்டியவற்றையும் சொல்லிவிடுவோம். நாட்டு நாய் வீட்டில் பேணப்பட்டால் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டு வரை வாழும். எழுபது வயதினர் குட்டியை எடுப்பதினும், குணம் தெரிந்த ஐந்தாறு வயது நாயை எடுப்பது அறிவுடைமை. அத்தகைய நாய்களை எவரும் கேட்பதில்லை. அவையே வயோதிகர்க்கு ஏற்ற அமைதி உடையவை. 1985 முதல் இந்நகரில் பணியாற்றும் 'வெல்ஃபேர் ஆஃப் ஸ்ட்ரே டாக்ஸ்' போன்ற அமைப்புகள் தக்க நாயைத் தேர்ந்தெடுக்க உதவுகின்றன. மாட்டுங்காவிலிருந்து ரயிலில் தாதரைக் கடந்தால் பரேல். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடைபெறும் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. மூன்று திங்கள் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. பின்னர் ஆண்டுதோறும் தவறாமல். மாநகராட்சி உரிமமும் பெற வேண்டும். எந்த நாய் கடித்தாலும், சிறு கீறலாயினும், உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, சயான் மருத்துவமனை போன்ற இடத்துக்கு அன்றே சென்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக் காத்திருப்பது உயிருக்கு உலை வைப்பது. வெறிநோயின் குறி தோன்றியபின் மருந்து இல்லை என்றே சொல்லலாம்.

உணவிலும் ஒரு சொல். தயிர்சாதம் மட்டும் தந்து நாயை வளர்த்தோர் நம்மிடையே பலர். அது மட்டும் போதாது. மரக்கறி வீட்டிலும் முட்டையாவது சேர்த்தல் வேண்டும். வெங்காயம் நாய்க்கு நஞ்சு; ஆகவே நம் வீட்டுச் சாம்பார் எவ்வளவு மணந்தாலும் அதன் தட்டில் வேண்டா. திராட்சையும் சாக்லேட்டும் அவ்வாறே. மும்பை மழைக்காலத்தில் தேங்கிய நீரில் நடந்து வந்தால் கால்களைக் கழுவித் துடையுங்கள். எலிக்காய்ச்சல் நாயையும் பற்றும், நம்மையும் பற்றும்.

வெளிமாநிலத் தமிழர்க்கென்றே உள்ள தொல்லை ஒன்று உண்டு. மே மாதம் ஊருக்குப் போக வேண்டுமே, நாயை யாரிடம் விடுவது? ரயிலில் முதல் வகுப்பின் தனியறையை முழுவதுமாக எடுத்தால் நாயை உடன் அழைத்துச் செல்லலாம். இல்லையேல் கார்டு பெட்டியிலுள்ள கூண்டில் ஏற்ற வேண்டும். வேனிலில், ஓரிரவும் ஒரு பகலும் கடந்து செல்லும் பயணத்தில், அதனை நாம் பரிந்துரைக்கமாட்டோம். நடையில் கிடைத்த நண்பரிடம் விட்டுச் செல்வதே நலம். அவர் கணபதி விழாவுக்குக் கொங்கணம் செல்லும்போது அவருடைய நாய் உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஊருக்குச் சென்ற பத்தாம் நாள், 'மும்பைக்கு எப்போது திரும்புவோம்?' என்று முதல் முறையாக உங்களுக்குத் தோன்றினால் வியப்பதற்கில்லை.

மொழியைப் பற்றியும் சிலர் கேட்பர். தெருவில் மராத்தியும் இந்தியும் கேட்டு வளர்ந்த நாய், நம் வீட்டுத் தமிழை அறியுமா? மெக்சிகோவிலிருந்து ஹங்கேரி நாட்டிற்குத் தம் நாயோடு குடிபெயர்ந்த லாரா குவாயா என்ற ஆராய்ச்சியாளர்க்கும் இவ்வையமே எழுந்தது. அவரும் புடாபெஸ்ட் நகரின் பல்கலைக்கழகத்தாரும் பதினெட்டு நாய்களின் மூளைச் செயலைப் படம் பிடித்து ஆராய்ந்து, 2022ஆம் ஆண்டில் விடை வெளியிட்டனர். கேட்டுப் பழகிய மொழியையும் பழகாத மொழியையும் நாயின் மூளை பிரித்தறிகிறது. நாயின் வயது ஏற ஏற அவ்வேறுபாடு மேலும் தெளிவாகிறது. ஆகவே முதல் சில வாரம் நீங்கள் தமிழில் அழைத்ததும் நாய் திகைத்து நின்றால் பொறுத்திருங்கள். 'இதர் ஆ' என்றால் வந்துவிடும். அதே கையால் தடவிக்கொண்டே 'வா கண்ணு' என்றும் சொல்லி வாருங்கள். தீபாவளிக்குள் இரண்டுக்கும் வரும். பட்டாசு வெடிக்கும் அந்நான்கு நாளும் அதனை வெளியே அழைத்துச் செல்லாமல், உள்ளறையில் சன்னலைச் சாத்தி, அருகில் அமர்ந்து கொள்ளுங்கள்.